திரையுள்ள பெட்டி

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
நளீம் நானாவின் கண்ணாடி மேசையில்
மூன்று பெட்டிகள்.
வெளியே மழை. உள்ளே ஈரக் குடைகளின் வாசம்.
என் சட்டைப் பையில் முப்பதாயிரம்;
அதில் பன்னிரண்டு
அடகுக் கடைக்குள் வளையலாய்ப் போய்
நோட்டாய்த் திரும்பி வந்தது.

முதலாவது வெறும் கறுப்பு.
எண்பது கிகா.
ஒரு வருசத்துக் கல்யாணம் எல்லாம் உள்ளே கிடக்கும்,
எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் இல்லை.
இரண்டாவதில் உள்ளங்கை அகலத் திரை,
பட்டுச் சேலையின் கரை வரை தெரியும்.
பெட்டரி இரண்டு மணித்தியாலம்.
எங்கள் டிவிஷனில் கரண்ட் போனால்
வருவதற்கு இரண்டு நாள்.
மூன்றாவதன் திரை தீப்பெட்டியளவு.
ஒரு படம் திறப்பதற்குள்
ஒரு கொட்டாவி விட்டு முடிக்கலாம்.

அதில்தான் கார்ட்டைச் செருகினேன்.
பாய் விரிப்பதுபோல் மேலிருந்து இறங்கியது படம்:
பந்தல்,
நெற்றிச்சுட்டி,
சிரிப்பதா என்று தெரியாத ஒரு முகம்,
கடைசியாய்,
தெரியாமல் எடுக்கச் சொல்லியிருந்த
இரவல் செருப்பு.

"அழிக்கிறது எப்படி நானா?"
தேடினார். மெனுவுக்குள் மெனு,
நாலு கதவு தாண்டி ஒரு கேள்வி,
அதற்குப் பிறகும் ஒரு கேள்வி.
"இதுல அது கொஞ்சம் கரச்சல் மகன்."
மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார்.
நான் விலை கொடுக்க வந்ததே
அந்தக் கரச்சலுக்குத்தான்.

சித்திரையில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு சடங்கு வீடு.
மாமன் சீர் வாசலுக்கு வந்துவிட்டது.
கார்ட் நிரம்பிவிட்டது.
கமராவின் முதுகில் அவசர அவசரமாய்
வேண்டாத ஒரு படத்தைத் தேடினேன்.
ஓரத்தில் ஒருவர், கண் மூடியிருந்தார்.
அழுத்தினேன்.

ஆவணியில் அவர் மகள் வந்தாள், ஜெயசீலி.
அப்பா கொழும்பில் பாத்திரக் கடையில் வேலை.
வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கியது வரை
பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.
"பொலிசுல படம் கேக்குறாங்கண்ணே."
கண் மூடியிருந்ததே என்றேன்.
அழித்துவிட்டேன் என்று சொல்ல
வாய் வரவில்லை.
"பரவால்லண்ணே.
அப்பா எந்தப் போட்டோவிலயும் அப்பிடித்தான்."

இதையெல்லாம் நானாவிடம் சொல்லவில்லை.
அவரிடம் வேறொரு கணக்கு இருந்தது.
கறுப்புப் பெட்டியை என் பக்கமிருந்து
மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.
"திரை இல்லாத சாமான் ஒங்களுக்கு வேணாம்.
செக்பொயின்ட்ல
இதுக்குள்ள என்னண்டு கேட்டா
எப்பிடிக் காட்டுவீங்க?"

இருபத்தாறுக்கு முடிந்தது.
பொலித்தீன் பை ஒன்று சும்மா தந்தார்,
மூடுபனிக்கு.

டிக்கோயாவுக்குக் கீழே வளைவில் இறக்கினார்கள்.
"மே மொனவாத?"
பெட்டியை நீட்டினேன்.
மீசை இன்னும் சரியாய் முளைக்காத பையன்,
துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு
கட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.
படம் இறங்கும் வரை பொறுத்திருந்தான்.
கேக் ஊட்டும் இடத்தில் நின்றான்.
செருப்பைக் கண்டுபிடித்துச் சிரித்தான்.
பஸ்ஸுக்குள் யாரோ
அடக்கி வைத்திருந்த இருமலை இருமினார்கள்.

பிறகு வீதியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு,
குரலைத் தாழ்த்தி,
தன்னையும் ஒன்று எடுக்கச் சொன்னான்.
தொப்பியைச் சரிசெய்தான். பிளாஷ் வெட்டியது.
பெயரும் சொல்லவில்லை,
எங்கே அனுப்புவது என்றும் சொல்லவில்லை.
போ என்று கை காட்டினான்.

நோர்வுட் தாண்டித்தான் திறந்து பார்த்தேன்.
பனி, மணல் மூட்டை, தொப்பி
ஒவ்வொன்றாய் இறங்கி வந்தன.
கண்கள் மூடியிருந்தன.

நாலு கதவு.
மூன்றாவது வரை போய்
விரலை எடுத்துவிட்டேன்.
இதைக் கேட்டு யார் வருவார்கள்,
எத்தனை மைல் நடந்து,
எந்த மொழியில்?