திருப்ப இடம்

வாழைக்குளத்துச் சந்துக்குள்
என் குட்டியானை பின்பக்கமாகத்தான் போகும்.
ஒரு பீரோ, இரண்டு கட்டில், வாஷிங் மெஷின்,
ஏற்றி முடிப்பதற்குள்
முன்னால் ஏழு ஹாரன்.

இந்த வருடம் மட்டும் முப்பத்தொரு வீடு.
எல்லாம் ஒரே திசை:
ரெட்டியார்பாளையம், வில்லியனூர், பத்துக்கண்ணு,
அதற்கும் அப்பால்
ஊருக்கு மேற்கே இருக்கிற ஈஸ்ட் பிரீஸ் சிட்டி.
பெயர் வைத்தவனுக்குத் திசை தெரியவில்லை,
அல்லது விலை தெரிந்திருக்கிறது.

ஏன் போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை.
கயிறு இறுக்கும்போது அவர்களாகவே சொல்வார்கள்.
தண்ணீர் உப்பு என்றார் ஞானப்பிரகாசம்,
டீத்தூள்கூட நிறம் விடவில்லையாம்.
ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்
கூடத்தில் நிற்கிற ஸ்கூட்டரைத் தாண்டணும் என்றாள்
அவர் மருமகள், முழங்கால் தழும்பைக் காட்டி.
அண்ணன் தம்பி பாகத்தில்
ஜன்னல் ஒருவனுக்கும்
வெளிச்சம் இன்னொருவனுக்கும் போன வீடு ஒன்று.
அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை,
நான் பார்த்ததுதான்.

மரி ஸ்டெல்லா டீச்சர்
முன் சீட்டில், மடியில் மிக்ஸி ஜாரோடு,
"விருப்பப்பட்டுத்தான் போறேன் கலிவரதன்" என்றார்
நெல்லித்தோப்பு சிக்னலில்.
மூலக்குளத்தில் இன்னொரு முறை.
மூன்றாவது முறைக்கு வாயெடுத்தபோது
கேட் மூடியிருந்தது.
ரயில் போய் வெகுநேரம் வரை பேசவில்லை.

புது வீட்டில்
எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு
சத்தத்தைக் கேட்டபடி நின்றார்.
தெருவுக்கு இன்னும் பெயர் இல்லை,
நாற்பதடிச் சாலை, அவ்வளவுதான்.
எதிர்வரிசையில் எல்லாம் வாங்கிப் போட்ட வீடுகள்,
ஸ்டிக்கர் பிரிக்காத கண்ணாடிகள்.
கறிவேப்பிலைக்கு நாலு கிலோமீட்டர்.
"இங்க கத்தினா யாருக்கும் கேக்காது" என்றார்.
அது புகாரா சந்தோஷமா
எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை
அதே சந்துக்கு வேறு ஆள் கூப்பிட்டான்.
ஏற்ற அல்ல, இறக்க.
ஆறு பிரம்பு நாற்காலி,
பழசு மாதிரி செய்த புதுக் கடிகாரம்,
நாற்பது தலையணை.
டீச்சர் இருந்த வீட்டுக்கு மஞ்சள் பூசி
வாசலில் பிரெஞ்சில் ஏதோ பெயர்.
"நைட்டுக்கு நாலாயிரத்து ஐந்நூறு,
சனி ஞாயிறுன்னா கூட" என்றான்.
டீச்சர் கொடுத்துவந்த மாத வாடகை
அதைவிட ஆயிரம் அதிகம்.
தலையணைகளை நான்கு நான்காகத் தூக்கினேன்.
கனமே இல்லை.

இறக்குகூலி பாக்கி ஐந்நூறு இருந்தது.
அதை வாங்கும் சாக்கில்
ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் பிரீஸ் போனேன்.
நாற்பதடிச் சாலையில்
வண்டியை ஒரே வளைவில் திருப்பினேன்.
யாரும் ஹாரன் அடிக்கவில்லை.
சும்மா இன்னொரு தடவை திருப்பினேன்.

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார் டீச்சர்.
"என்ன கலிவரதன், வழி தெரியலையா?"

அவர் கத்தவேயில்லை.
நன்றாகக் கேட்டது.