பதினோரு வினாடி

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி:
‘பயிற்சிக் காலத்தில் உங்கள் தொழில்முறை வளர்ச்சி.
முந்நூறு சொற்களுக்கு மிகாமல்.’
வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

புன்டா அரேனாஸில் காற்று
இன்றைக்கும் கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்குகிறது.
உருளைக்கிழங்கு வேகிறது.
எழுத உட்கார்ந்தால்
என் குரல்தான் காதில் விழுகிறது.

மூன்றாம் வாரம்,
கைபேசியைக் கணப்படுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்து
ஒரு பாடவேளை முழுக்கப் பதிவு செய்தேன்.
இரவில் போர்வைக்குள் கேட்டேன்.
நாற்பத்தைந்து நிமிடம்;
அதில் முப்பத்தொன்பது நான்.
கேட்ட கேள்விகள் அறுபத்தொன்று.
ஐம்பத்துநான்குக்கு
கேட்ட மூச்சிலேயே நானே பதில்.
கெட்டிக்கார மாணவி, நான்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில்
ஒரு பிள்ளை பேச மூச்சிழுக்கும் சத்தம்.
அதன்மேல் என் குரல் ஏறி உட்கார்ந்துவிட்டது.
நான்கு முறை பின்னால் ஓட்டிக் கேட்டேன்.
சன்னல் வரிசை, மூன்றாவது மேசை.
யெர்கோ மன்சீயா.
முதல் நாள் பெயர்ப் பட்டியலில்
அவனுக்கு எதிரே நான் குறித்திருந்தது:
‘பேசமாட்டான்.’

வகுப்பாசிரியை மிர்னா வுகாசோவிச்
அன்றும் கடைசி வரிசையில்
தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.
ஒன்றும் சொன்னதில்லை.
சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன்.

ஆறாம் வாரம், செவ்வாய்.
ஐந்தில் மூன்று, ஏழில் ஐந்து.
எது பெரியது?
கேட்டுவிட்டு மனசுக்குள் எண்ணினேன்.
நான்கில் கூரை அலறியது.
ஆறில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.
ஏழில் ஒரு பென்சில் உருண்டு விழுந்தது.
ஒன்பதில் என் கை
தானாகவே பலகையை நோக்கிப் போனது;
இழுத்துக் கோட்டுப் பைக்குள் திணித்தேன்.
பதினொன்றில் யெர்கோ,
மேசையைப் பார்த்தபடி,
“ரெண்டும் சமம்.
ரெண்டுலயும் ரெண்டு துண்டு குறையுது.”

‘தப்பு’ என்ற சொல்
என் பல்வரிசைக்குப் பின்னால் வந்து நின்றது.
கேள்விக்குப் பின் காத்திருக்கப் பழகியிருந்தேன்.
பதிலுக்குப் பின்னும் காத்திருக்க வேண்டும் என்று
யாரும் சொல்லித் தரவில்லை.

அதற்குள் பாஸ்குவாலா திரும்பாமலே சொன்னாள்:
“அஞ்சா வெட்டினா துண்டு பெரிசுடா.
பெரிய துண்டு ரெண்டு போனா
நிறைய போச்சுன்னு அர்த்தம்.”
அவன் எழுந்து வந்தான்.
பேனாவை என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டான்.
இரண்டு ரொட்டி வரைந்தான்.
ஒன்று மற்றதைவிடப் பெரிது.
வேண்டுமென்றா, கை கோணியா, தெரியவில்லை.
வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.
மணி அடித்தது.

என் பாடத்திட்டத்தில் அன்றைக்குப்
பயிற்சிக் கணக்கு ஒன்று முதல் பன்னிரண்டு.
முடித்தது பூஜ்யம்.
மிர்னா அதை அப்படியே குறித்துக்கொண்டார்.
உண்மைதானே.

மறுநாள் மூன்றாவது வினாடியிலேயே
பதிலை உளறிவிட்டேன்.
வியாழன், ஐந்து.
இன்று ஒரு தடவை ஒன்பது,
அதற்கப்புறம் பழைய கதை.
இதை வரைபடமாகப் போட்டால்
பேராசிரியருக்குப் பிடிக்காது.

சாயங்காலம் தெருமுனையில்
காற்றுக்குக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து
பேருந்துக்கு நடந்துகொண்டிருந்தேன்.
எதிர்ப்பக்கத்திலிருந்து யெர்கோ ஏதோ கத்தினான்.
காற்று அதை அப்படியே
நீரிணைப் பக்கம் கொண்டுபோனது.
என்னவாக இருக்கும் என்று நானே ஊகித்துத் தலையாட்டப் போனேன்.
ஆட்டவில்லை.
நின்றேன்.
எண்ணவும் இல்லை.
அவன் தெருவைக் கடந்து,
தொப்பியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு,
என் காதுக்குக் கிட்டே வந்து கத்தினான்:
“டீச்சர்! ரெண்டு ரொட்டியும் ஒரே அளவுன்னு
நீங்க சொல்லவே இல்லையே!”

கிழங்கு வெந்துவிட்டது.
பெயர்ப் பட்டியலில் அந்த ஒரு சொல்லை அடித்தாயிற்று.
கட்டத்தில் இதுவரை ஒரே ஒரு வரி:
இரண்டு ரொட்டியும் ஒரே அளவு என்று
நான் சொல்லவில்லை.