நாலாம் நம்பர்

மூன்று இருக்கிறது. ஐந்து இருக்கிறது.
எதற்கென்றே தெரியாத ஏழு கூட இருக்கிறது.
நாலு மட்டும் இல்லை.

ஸாக்ரெப் நகரில், டிராம் திரும்பும் முனையில்,
செயற்கைக் கால் பொருத்தும் பட்டறையில்
பத்தொன்பது வருடமாக என் முதல் வேலை
நாலாம் நம்பர் ஆலன் கீயைத் தேடுவது.
மேசைக்கடியில், மாவுக்கட்டுத் தூளில்,
நேற்றைய காப்பிக் குவளைக்குள்.

கணுக்காலில் நான்கு திருகு,
முழங்காலுக்குக் கீழே நான்கு.
எட்டும் நாலையே கேட்கும்.
கால் சுற்று தவறினால் காலே தவறும்:
பாதம் மூக்கைத் தூக்கிக்கொள்ளும்,
ஆள் நாள் முழுக்க மலையேறுவார்
சமதரையில்.

வாட்ரொஸ்லாவ் வந்தார், நவம்பர் மழையோடு.
கூரைகளுக்கு ஓடு வேய்ந்தவர்.
இடது கால் பாதியில் முடிகிறது.
போரில் போனது என்று நினைத்து
டிராமில் எழுந்து இடம் தருவார்கள்.
அவர் திருத்துவதில்லை.
சர்க்கரை.

புது ஷூ வாங்கியிருக்கிறார், குதி ஒரு விரல் உயரம்.
எங்களிடம் நாள் கேட்டதற்கு மூன்று வாரம் என்றார்களாம்.
சமையலறை மேசையில் காலைக் கிடத்தித்
தானே முறுக்கியிருக்கிறார்,
கிளீவ்லண்ட் மைத்துனன் விட்டுப்போன
அங்குலச் சாவியால்.

நாலுக்கு மயிரிழை குறைவு அது.
பெரிய தவறென்றால் கை உடனே சொல்லிவிடும்.
மயிரிழைத் தவறுதான்
உள்ளே போய் உட்கார்ந்து
சரி சரி என்று தலையாட்டி,
பலம் கொடுக்கும் நொடியில்
மூலைகளை மழித்துவிடும்.
ஆறு முகம் இருந்த குழி
ஒரே வட்டமாய் என்னைப் பார்த்துச் சிரித்தது.

"மரை கழன்றவரா நீங்கள்?" என்றேன்.
"கழன்றால் பரவாயில்லையே, லியெர்க்கா.
கழல மாட்டேன் என்கிறதே."

ரப்பர் பட்டையை வைத்து அழுத்தினேன், வழுக்கியது.
பசை இளகட்டும் என்று சூடு காட்டினேன்.
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.
கடைசியில் நட்சத்திர முனை ஒன்றைச்
சுத்தியலால் குழிக்குள் இறக்கித் திருப்ப,
கிறீச்.
பல்லைக் கூசவைக்கும் அந்தச் சத்தத்தைப் போல
இனிமையானது வேறில்லை.

ஆனாலும் இதைத் திட்ட மாட்டேன்.
தட்டை முனை ஸ்க்ரூடிரைவர் கட்டைவிரலில் இழுத்த கோடு
இன்னும் இருக்கிறது.
கூட்டல் குறிக்காரன் பாதி வேலையில் எழுந்து போய்விடுவான்.
ஸ்பேனருக்குப் பந்தி விரித்தாற்போல் இடம் வேண்டும்.
இதுவோ மடங்கிய ஒரு கம்பி.
பிடி இல்லை, பல் இல்லை, அசையும் பாகம் இல்லை.
குட்டைக் கையை உள்ளே விட்டால் பலம்,
நெட்டைக் கையை விட்டால் வேகம்.
கெட்டுப்போக ஒன்றுமில்லை,
தொலைந்துபோவதைத் தவிர.

புதுத் திருகு. நீலப் பசை.
திருகின் தலையிலிருந்து உலோகத்துக்கு
ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன்.
"கைவைத்தால் கோடு உடையும். எனக்குத் தெரிந்துவிடும்."
பள்ளிக்கூடப் பிள்ளையாய்த் தலையாட்டிப் போனார்.
மேசையில் மூன்று இருந்தது. ஐந்து இருந்தது.

மார்ச்சில் வந்தபோது கோடு உடைந்திருந்தது,
ஒரு நூலளவு.
நடங்கள் என்றேன், கோபத்தோடு.
நடைக்கூடத்தின் அந்தக் கோடி வரை நடந்தார்,
குதி, விரல், குதி, விரல்.
நவம்பரில் இடுப்பில் ஒரு சின்ன வெட்டு இருந்தது;
பழகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.
அதைக் காணோம்.

"என் நாலு எங்கே?"
சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார்,
கைக்குட்டையில் சுற்றியது, உடம்புச் சூட்டோடு.

பழைய சிவப்பைச் சுரண்டினேன்.
அவர் நிறுத்திய இடத்திலேயே
புதுக் கோடு போட்டேன்.
சாவியை அவர் மறுபடி பைக்குள் போட்டபோது
ஜன்னல் வழியே வரும் டிராமின் நம்பரை
உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.