குனிகுலுஸ்

கிலோமீட்டர் இருநூற்றுப் பதினான்கில்
ரயில் மெதுவாகப் போக வேண்டும் என்று
மஞ்சள் பலகை நட்டுப் பதினோரு நாளாகிறது.
மாட்ரிட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள்
இங்கே மட்டும் ஜன்னலுக்கு வெளியே
ஒவ்வொரு முட்செடியையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள்.

தண்டவாளக் கரையின் தெற்குச் சரிவில் நாற்பத்தொரு துளை.
ஒப்துலியா சாரியோன் எண்ணி எண்ணி
சுண்ணாம்பால் வட்டமிட்டாள்.
முப்பத்தெட்டில் நிற்கும்போது முப்பத்தொன்பதிலிருந்து
இரண்டு காதுகள் எட்டிப் பார்த்தன,
கணக்குச் சரியா என்பதுபோல.

சலமான்காவில் இரண்டு வருடம் லத்தீன் படித்தவள்.
மூன்றாம் வருடத்துக்குப் பணமில்லை.
அகராதி மட்டும் மிஞ்சி வேனில் கிடக்கிறது,
ஜாக்கிக்கும் தண்ணீர்க் குடுவைக்கும் நடுவில்.
மதிய ரொட்டியின் தூள் உதிர உதிரப் பிரித்தாள்.

குனிகுலுஸ்: முயல்.
குனிகுலுஸ்: நிலத்தடி வழி.
கோட்டைச் சுவருக்கு அடியில் படை தோண்டுவது.
தண்ணீர் போகும் புதைகால்.
முகத்துக்கு நேரே செய்யாமல்
கீழ்வழியாக முடிக்கும் காரியத்துக்கும்
ரோமாபுரிப் பேச்சாளர்களிடம் இதே சொல்தான்.

எது முதலில்?
முயலால் துளைக்குப் பெயரா,
துளையால் முயலுக்கா?
அறிஞர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள்.
அவரவர் பிடித்த முயலுக்கு
அவரவர் கணக்கில் மூன்றே கால்.

சொல்லே ரோமுடையது அல்ல என்கிறார்கள்.
வாளோடு வந்தவன்
வெட்டவெளியில் படுக்கும் பெரிய முயலை அறிவான்,
வளை தோண்டும் இந்தச் சிறிசை அறியான்.
இது என்ன என்று கேட்டிருப்பான்.
யாரோ பதில் சொன்னார்கள்.
அந்த வாய்
மழையை என்னவென்று சொன்னது, உப்பை,
போய்விடு என்பதை?
தெரியாது.
அந்த மொழியின் வாசல்களையெல்லாம் அடைத்த பிறகு
ஒரு சொல் மட்டும் பின்பக்கமாய் ஓடி
கொனேஹோ என்று காஸ்தீலில்,
கொயேலு என்று லிஸ்பனில்,
கொனீலியோ என்று நேப்பிள்ஸின் குழம்புச் சட்டியில்
தலை நீட்டியது.

நான் எழுதும் மொழியில்
குனிகுலுஸின் தலையிலேயே குனி இருக்கிறது.
தற்செயல்தான்.
ஆனாலும் ஒப்துலியா குனிந்தாள்.
முயல் என்றால் எங்களுக்கும் இரண்டு:
ஒன்று ஓடும், ஒன்று செய்து பார் என்னும்.
வேர் ஒன்றா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மூன்று மணிக்கு லெயாந்திரோ மரப்பெட்டியோடு வந்தான்.
உள்ளே, கீரிக்குச் சித்தப்பா மகள்போல ஒன்று,
கழுத்தில் பொட்டு மணி.
இந்த ஊரில் அதற்கு உரோன் என்று பெயர்.
அந்தப் பெயரையும் நோண்டினால்
அடியில் ஒரு லத்தீன் திருடன் படுத்திருக்கிறான்.
செல்லப் பெயர் மார்க்கேசா, சீமாட்டி.

துளைகளுக்கெல்லாம் வலை கட்டித்
திருடியை உள்ளே விட்டார்கள்.
நாலு முயல் வலையில் விழுந்தன.
பிறகு ஒன்றுமில்லை.
ஐந்து மணி. மணிச் சத்தம் இல்லை.
லெயாந்திரோ மார்க்கேசா என்று கூப்பிட்டான்,
முதலில் அதட்டலாக,
பிறகு அவள் முன்னால் கூச்சப்பட்டு,
பிறகு கூச்சத்தையும் விட்டு.
ஒப்துலியா மண்ணில் காதை வைத்துப் படுத்தாள்.
தலைக்கு மேல் ரயில் ஒன்று நோயாளிபோல் நடந்தது.
பல்லெல்லாம் அதிர்ந்தது.
அடியில் ஏதோ நகர்ந்தது,
அல்லது அவளுடைய சொந்த ரத்தம்.

கைப்பேசியில் படிவம் காத்திருந்தது.
சேதத்தின் காரணம்: விலங்கு. நிலத்தடிக் குழி. பிற.
ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.
பிற என்பதைத் தொட்டு
ஒற்றைச் சொல் எழுதி அனுப்பினாள்.
அல்பசேத்தே அலுவலகத்திலிருந்து உடனே அழைப்பு:
அம்மணி, இது எங்கள் பட்டியலில் இல்லை.
எங்கே இருக்கும், என்றாள்,
நாலு பட்டியலில் வசித்துப் பழகியது.
அந்தப் பக்கம் புரியாத மௌனம்,
பிறகு பேனாவைத் தட்டுகிற சத்தம்.

இருட்டியது.
லெயாந்திரோ சட்டையைக் கழற்றி
நாற்பத்தொன்றாவது துளையின் வாயில் விரித்தான்,
தன் வாசம் பிடித்து வரட்டும் என்று.
பனியனோடு உட்கார்ந்து நடுங்கினான்.
அவள் வேனின் விளக்கைப் போட்டாள், அணைத்தாள்.

அப்போது மணி கேட்டது,
இருவருக்கும் பின்னால்,
சுண்ணாம்பு படாத ஒரு துளையிலிருந்து.