சத்தம் வந்து சேரும் வரை

சட்டைப் பட்டையில் என் பெயர் ஆண்டி.
ஆண்டிச்சாமி நீளம் என்று
கப்பல் ஆபீஸில் வெட்டினார்கள்.
பயணிகளுக்குச் சந்தோஷம்:
அவர்கள் ஊரிலும் ஆண்டிகள் உண்டாம்,
ஒருவர் பல் டாக்டராம்.

மேலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்
சேவுகப்பெருமாள் கேட்கிறான்,
'பனிமலை எப்படிரா இருக்கும்?'
எனக்குத் தெரிந்தது சலவை அறை.
தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் கிடையாது.
தொண்ணூறு பேரின் துண்டு, விரிப்பு, உள்ளாடை.
பனிக்கட்டி கப்பல் வயிற்றை உரசிப் போவதைக்
காதால் பார்த்திருக்கிறேன்:
மாடி வீட்டுக்காரன் நடுராத்திரியில்
இரும்புக் கட்டிலை இழுக்கிற மாதிரி.
திமிங்கிலம் வந்தால் தெரிந்துவிடும்,
தலைக்கு மேலே தொண்ணூறு ஜோடி பூட்ஸும்
ஒரே பக்கம் ஓடும்.

சிவப்பு மேல்கோட்டுகள் வரும் துவைக்க.
பையைத் துழாவாமல் போட்டால் மெஷின் போச்சு.
மிட்டாய்த்தாள், மூக்குத் துடைத்த காகிதம்,
ஒரு தடவை யாரோ ஒளித்த இறகு,
அடிக்கடி கூழாங்கல்.
அந்தக் கரையில் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது.
சட்டம்.
ராத்திரி மேற்பார்வையாளரிடம் கொடுப்பேன்.
நோட்டில் எழுதிக்கொண்டு
மறுநாள் படகில் கொண்டுபோய்க்
கரையிலேயே போட்டுவிட்டு வருவார்கள்.
கல், ஒன்று. சாம்பல் நிறம்.
பக்கத்தில் என் கையெழுத்து.

ஒரே ஒரு நாள் மேலே போனேன்.
ஈரத் துண்டு மூட்டையோடு நின்றால் லிஃப்ட் ரிப்பேர்,
படியேறிக் கதவைத் தள்ளினேன்.
கடல், இரண்டு மலைக்கு நடுவே
சந்துக்குள் சந்தாக நுழைந்து வந்து
முட்டிக்கொண்டு நிற்கிற இடம்.
எஞ்சினை அணைத்திருந்தார்கள்.
எதிரே பனிச்சுவர். நீலம் என்றால்
சொட்டுநீலம் போட்ட வேட்டி
மடிப்புக்குள் வைத்திருக்குமே, அந்த நீலம்.
ஒரு கட்டியின் மேல் கடல்நாய் படுத்துக்கொண்டு
எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

சுவரில் ஒரு பக்கம் நழுவியது.
சத்தமே இல்லை.
கோபுர உயரம், மெதுவாக, உட்காருகிற மாதிரி.
கேமராக்கள் எல்லாம் மேலே.
நான் மட்டும் குந்திவிட்டேன்,
காதைப் பொத்தி, வாயைத் திறந்துகொண்டு,
ஒண்ணு, ரெண்டு, மூணு...

கீழவளவு குவாரியில்
வெடி வைக்கிற நாளில் அப்படித்தான்.
முதலில் பாறை எழும்பும், புழுதியோடு.
எண்ணி முடிக்கும்போது சத்தம்.
அப்புறம் கல் விழும்.
எண்ணாமல் நின்ற சின்னக்காளைக்கு
இடது காது இன்றைக்கும் கேட்காது.

இங்கே ஏழில் வந்தது.
நெஞ்சுக்கூட்டுக்குள் வந்தது.
வெள்ளைத்தலை அம்மா ஒருத்தி குனிந்து
'ஆண்டி, உனக்கு ஒன்றும் இல்லையே?' என்றாள்.
என் இங்கிலீஷில் என்ன சொல்ல,
எங்கள் ஊரில் மலை இப்படித்தான் போகும் என்றா?
'துண்டு விழுந்துவிட்டது மேடம்.'
அன்று இரவு பாரில்
அந்தக் கட்டியில் ஒன்றைச் சுத்தியலால் உடைத்து
விஸ்கியில் போட்டார்களாம்.
படபடவென்று பொரிந்ததாம்,
ஆயிரம் வருசத்துக் காற்று.
அதை யாரும் நோட்டில் எழுதவில்லை.

லீவில் வந்ததும் பஞ்சவர்ணம்
'படமாவது எடுத்தியா' என்றாள். இல்லை.
சாயங்காலம் மொபெட்டில் கூட்டிப் போனேன்,
வேலி பிய்ந்த வழியாகக் குவாரிக்குள்.
மலை இருந்த இடத்தில் தண்ணீர்.
சுற்றிலும் கத்தியால் வெட்டிய மாதிரி சுவர்,
ஆழத்துப் பச்சை.
விளிம்பில் இரண்டு நீர்க்காகம்
சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு.
'இப்படித்தான்' என்றேன்,
'இதோடு குளிரையும் சேர்த்துக்கோ.'

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்,
நிஜமாகவே குளிர்ந்த மாதிரி.
குனிந்து, மினுக்குகிற சில்லு ஒன்றை எடுத்துப்
பர்ஸைத் திறந்தாள்.
'போட்டுரு, எடுக்கக் கூடாது.'
வாய் தானாகச் சொல்லிவிட்டது.
என்னைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள்,
திரும்ப என்னை.
'எந்த நோட்டுல எழுதுவ?' என்றாள்.