மீதி மூன்று

வேலூரில், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
பதினோரு அறை லாட்ஜ்.
வருகிறவர்கள் வங்காளம், திரிபுரா, அஸ்ஸாம்.
நான் எழுதிக்கொடுத்த புரோகிராமுக்கு
அதெல்லாம் தேவையில்லை.
போன் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம்,
பதினொன்றால் வகுத்தால்
மிஞ்சுவது அறை.

"இன்னாபா, பூஜ்யம்னு ஒரு ரூமா?"
ஏகாம்பரம் முதலாளி அதற்கு மட்டும் ஒப்பவில்லை.
கதவில் பதினொன்று என்று எழுதினார்.
உள்ளே அது பூஜ்யம்தான்.

நாற்பத்தேழு, பிமல் சர்க்கார். மீதி மூன்று.
மறுநாள் எண்பது, அனிமா தேப்நாத். அதற்கும் மூன்று.
முட்டினால் அடுத்த கதவு;
அனிமாவுக்கு நாலு.
தேடும்போதும் அதே நடை:
மூன்றைத் தட்டு, வேறு ஆளென்றால் நாலு,
காலியென்றால் அங்கேயே நின்றுவிடு.
முதலாளியின் பழைய நோட்டில் இதற்கு
எச்சில் தொட்டுப் பதினேழு பக்கம்.

சித்திரை வியாழன்.
பகல் வெயில் இன்னும் சுவரைவிட்டு இறங்காத இரவு.
சர்க்காரின் மனைவி தனியாக வந்து
சாவியை மேசையில் வைத்தார்.
ரசீது கேட்கவில்லை.
மூன்றாம் அறையைத் துடைத்து வெறுமையாக்கினேன்.

ஒன்றேகாலுக்கு அகர்தலாவிலிருந்து போன்.
அம்மா எடுக்கவில்லை என்றான் மகன்,
என் இந்தியைவிடக் கொஞ்சம் மோசமான இந்தியில்.
எண்பது. மீதி மூன்று. மூன்று காலி.
அப்படி யாரும் இல்லை என்றது திரை.
அதை அவனுக்கு நான் வாசித்துவிட்டேன்.

நாலாம் அறையில் அனிமா தூங்கிக்கொண்டிருந்தார்.
சார்ஜர் பிளக்கிலிருந்து கழன்றிருந்தது.

விடியுமுன் ஒரு வரி சேர்த்தேன்.
போனவர் இடத்தைத் துடைக்காதே, குறி வை.
புதிதாய் வருபவர் அங்கே படுக்கலாம்;
தேடி வருபவர் மட்டும்
நிற்காமல் தாண்டிப் போகட்டும்.
பாடப்புத்தகத்தில் அதற்குக் கல்லறைக்கல் என்று பெயர்.
லாட்ஜில் அப்படி எழுத முடியுமா?
'இருந்தார்' என்று எழுதினேன்.

காலையில் அடிக்கும் பட்டியல் வந்த வரிசைப்படி;
அதற்கொரு தனிச் சங்கிலி.
அறை மாறினாலும் அதில் இடம் மாறாது,
கணக்கு முடித்துப் போய்த் திரும்பினால்
வால்தான்.
ஆவணியில் திரும்பிய அனிமா கடைசிப் பெயர்.
அதே நம்பர், அதே மீதி.
இந்தத் தடவை மூன்று கிடைத்தது.

"இந்த ரூமில் ஒருவர் ராத்திரியெல்லாம் இருமுவாரே?"
முதலாளி என்னைப் பார்த்தார்.
நான் அனிமாவின் பெயரைத் தட்டினேன்.
இருந்தார் அழிந்தது.