மனப்பூர்வமாக

மேலூர் சார்பதிவாளர் அலுவலக வாசலில்
வேப்பமரத்துக்கு மேற்கே மூன்றாவது மேசை என்னுடையது.
பெண்ணுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்ததில்
எனக்கு வரும்படி கூடியது.
பங்கு எழுதி அல்ல.
பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதி.

விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர்.
யாருக்கு விடுதலை என்று
இருபத்தெட்டு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை,
நானும்.

நல்ல நாள் பார்த்து வேனில் கூட்டி வருவார்கள்.
அக்காள் தங்கைகளுக்கு ரோஸ்மில்க், மதியம் பிரியாணி,
மடியில் ஒரு சேலைப் பை, சில சமயம் ஒரு கவர்.
பெருவிரல் மையைத்
தலைமுடியில் தேய்த்துக்கொண்டு போவார்கள்.

அன்று வந்தவள் மாயக்காள்.
அண்ணன் தம்பி மூன்று பேர், கூட ஒரு தாய்மாமன்.
பெரியாற்றுக் கால்வாய், பன்னிரண்டாம் மடைக்குக் கீழே
ஒருபோக நிலம் இரண்டு ஏக்கர் பதினான்கு சென்ட்.
படித்துக் காட்டினேன்,
கண்டக்டர் ஊர்ப்பேர் சொல்கிற வேகத்தில்.

"நில்லுங்க. அந்த வரியத் திரும்பப் படிங்க."

யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி
முழுச் சம்மதத்துடன் மனப்பூர்வமாக

"அத மட்டும் அடிச்சிருங்க, கையெழுத்துப் போடுறேன்.
நெலம் போகட்டும். நல்லது கெட்டதுக்குப்
பொறந்த வீட்டுக்குள்ள நான் போகணும்.
அதுக்காகப் பொய்யில போட மாட்டேன்."

அது இல்லாம உள்ள அய்யா பதிய மாட்டாரும்மா.

"அப்பப் பதிய வேணாம்."

மாமன் செருமினார்.
பெரியவன் வண்டிச் சாவியைச் சுழற்றினான்.
கடைசித் தம்பி மட்டும்
என் மேசைக்கடியில் விழாத குண்டூசி ஒன்றைக்
குனிந்து தேடிக்கொண்டே இருந்தான்.

அந்த வரி எந்தச் சட்டத்திலும் இப்படியே இல்லை.
தொழிலுக்கு வந்த முதல் வருடம்
என் அக்காள் வெள்ளைத்தாய்க்கு நான் கோத்தது.
வாசிக்க நன்றாயிருக்கிறதென்று
பிறகு எல்லாப் பத்திரத்திலும் வைத்துக்கொண்டேன்.
அவள் படித்துக் காட்டச் சொல்லவில்லை.
"நீ எழுதுனா சரியாத்தான இருக்கும்" என்றாள்.

நாலரைக்கு வேன் மாயக்காளை ஏற்றாமல் போனது.
சிவகங்கை பஸ் எத்தனை மணிக்கு என்று
என்னிடம்தான் கேட்டாள்.

அவள் பெயருக்கு வாங்கிய முத்திரைத்தாள்
இழுப்பறையில் கிடக்கிறது.

நேற்று வேறொரு வேன்.
இரண்டு தங்கைகள், ஒருத்தி கைக்குழந்தையோடு.
அந்த வரிக்கு வந்ததும்
கொஞ்சம் நிறுத்திப் படித்தேன்.
குழந்தை அழுதது. போட்டுவிட்டார்கள்.